விற்றவை வேலையைக் காட்டிய படங்கள்: காவேரிப்பட்டணத்து ஸ்டூடியோ ஒன்றின் ஸ்டாக் போட்டோகிராபி வருமானம் குறித்த நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் ஸ்டூடியோ நடத்திவரும் ஓர் ஒளிப்படக் கலைஞர், கல்யாண வேலையைக் கைவிடாமலேயே, ஸ்டாக் போட்டோகிராபி (படங்களை இணையத்தில் ஏற்றி, அவற்றைப் பயன்படுத்தும் உரிமத்தை விற்கும் தொழில்) வழியாக ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் ஒரு தனி வருமானத்தை எப்படி உருவாக்கிக்கொண்டார் என்பதே இந்த ஆய்வின் பொருள். அவருடைய ஊர்க்காரனாகவும், படங்களுக்கு விவரம் எழுதுவதிலும் ஆண்டுக் கணக்கைச் சரிபார்ப்பதிலும் உடனிருப்பவனாகவும் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் ஸ்டூடியோக்காரர் என்றே குறிப்பிடுகிறேன். இந்தத் தொழிலைப் பற்றிப் பொதுவாகப் பேசுகிறவர்கள், படத்தை ஏற்றிவிட்டால் தூங்கும்போதும் பணம் வரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தப் படம் விற்கிறது, ஏன் விற்கிறது, எத்தனை காலம் விற்கிறது என்ற கேள்விகளுக்குள் அவர்கள் போவதில்லை. ஸ்டூடியோக்காரரின் கணக்கில் இவற்றுக்குத் தெளிவான விடை இருக்கிறது. ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்பவர் புரிந்துகொள்ளும்படி, உரிய ஒப்புதல் வாங்கி எடுத்த படங்களே அவருக்கு ஆண்டுக்கணக்கில் விற்றிருக்கின்றன.

பின்னணி

ஸ்டாக் நிறுவனங்கள் ஒளிப்படத்தை விலைக்கு வாங்கி விற்பதில்லை. படம் எடுத்தவரிடமே உரிமை இருக்க, அதைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமத்தை மட்டும் பலருக்கு மீண்டும் மீண்டும் விற்று, ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் ஒரு பங்கைப் படம் எடுத்தவருக்குத் தருகின்றன. 2000-இல் கனடாவின் கால்கரி நகரில் தொடங்கிய ஐஸ்டாக்கும், 2003-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக்கும் இந்த வணிகத்தைச் சிறிய விலைக்குக் கொண்டுவந்தன. அதுவரை பெரிய நகரத்துத் தொழில்முறைக் கலைஞர்களுக்கு மட்டும் திறந்திருந்த கதவு, கேமராவும் இணைய இணைப்பும் உள்ள எவருக்கும் திறந்தது அப்போதுதான். அடோபி நிறுவனம் ஃபோட்டோலியாவை வாங்கி 2015-இல் அடோபி ஸ்டாக்கைத் தொடங்கியது. ஸ்டூடியோக்காரரின் வருமானத்தில் பெரும்பகுதி இன்று அடோபி, ஷட்டர்ஸ்டாக் ஆகிய இரண்டிலிருந்தே வருகிறது.

அவர் இதில் இறங்கியதற்குக் காரணம் ஆடியும் மார்கழியும். இந்த இரண்டு மாதங்களிலும் முகூர்த்தம் கிடையாது. ஆகவே கல்யாண ஆர்டரும் கிடையாது. பாஸ்போர்ட் சைஸ் படமும் லேமினேஷனும் கடை வாடகைக்கே போதாது. சும்மா கிடக்கும் கேமராவைக் கொண்டு ஏதாவது செய்ய முடியுமா என்றுதான் அவர் தொடங்கினார்.

கையில் ஏற்கெனவே குவிந்திருந்தவை கல்யாணப் படங்கள். அவற்றையே ஏற்றலாம் என்ற எண்ணம் முதலில் அவருக்கு இருந்தது. ஆனால் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று சொல்கிறது. அதாவது தாலி கட்டும் தருணத்தை எவ்வளவு சிறப்பாக எடுத்திருந்தாலும் அந்தப் படம் மாப்பிள்ளை வீட்டாருடையது அல்லது பெண் வீட்டாருடையது. கல்யாணப் படம் எடுப்பவர்கள் பலருக்கு இது இன்றும் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. உரிமை இல்லாத படத்தை ஏற்றினால் நிறுவனம் கணக்கையே முடக்கிவிடலாம். அதைவிட, தம் வீட்டு விசேஷத்தை நம்பி ஒப்படைத்தவர்களுக்குச் செய்யும் துரோகம் அது.

எனவே அவர் புதிதாக எடுக்கத் தொடங்கினார். ஒகேனக்கல் அருவி, கிருஷ்ணகிரி அணையில் சூரியன் மறையும் காட்சி, மலைக்கோட்டை, பரிசல் என்று இந்தப் பக்கத்தில் கேமரா வைத்திருக்கும் எல்லோரும் எடுப்பவற்றையே அவரும் எடுத்தார். படங்கள் நன்றாகவே இருந்தன, ஏற்றுக்கொள்ளவும் பட்டன. விற்பனை மட்டும் நடக்கவில்லை. ஒகேனக்கல் என்று தேடினால் வந்து விழும் படங்களின் கூட்டத்தில் இவருடையது எங்கோ பின்பக்கங்களில் கிடந்தது. அருவியின் அழகை வாங்க விரும்புகிறவர் உலகில் எத்தனை பேர் இருந்தாலும், அவர்களுக்கு இந்த அருவிதான் வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

திருப்பம் சந்தூரில் வந்தது

போச்சம்பள்ளிப் பக்கத்துச் சந்தூர், மாங்கன்று நாற்றங்கால்களுக்குப் பேர்போன ஊர். ஆடி மாதம் கல்யாணக்காரருக்கு ஓய்வு என்றாலும், காற்றில் ஈரம் இருக்கும் அந்த நாட்கள்தான் நாற்றங்கால்காரருக்கு ஒட்டுக்கட்டும் காலம். உறவினர் ஒருவருடைய நாற்றங்காலுக்குப் போன இடத்தில், ஸ்டூடியோக்காரர் ஒட்டுக்கட்டும் வேலையை முழுமையாக எடுத்தார். அந்தத் தொகுப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் அவருடைய வருமானத்தின் தன்மை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

இளந்தண்டு ஒட்டு என்கிற முறையில், கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தலையைக் கிள்ளி, தண்டின் நடுவில் கத்தியால் பிளவு போடுகிறார்கள். தாய்மரத்துக் குச்சியில் இருக்கும் இலைகளைச் சில நாட்கள் முன்பே கிள்ளிவிட்டிருப்பார்கள். அப்போதுதான் மொட்டு பருத்திருக்கும். அந்தக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு வடிவமாக்கி, பிளவுக்குள் இறக்கி, பட்டையும் பட்டையும் சேரும்படி பொருத்தி, பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுகிறார்கள். பழகியவர் கைக்கு இது நிமிடக் கணக்கு வேலை. ஸ்டூடியோக்காரர் முதலில் வேலைசெய்பவரின் முகத்தையே குறிவைத்துக்கொண்டிருந்தார். ஒட்டுக்கட்டிக்கொண்டிருந்த பெரியவர்தான், "மூஞ்சி எதுக்கு தம்பி, கத்தி எங்க எறங்குதுன்னு தெரியணும், அதப் புடி" என்று சொல்லிக் கன்றை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, பிளவு போடுவது, ஆப்பு சீவுவது, பொருத்துவது, நாடா சுற்றுவது, வரிசையாக அடுக்கிய கன்றுகள், சில வாரங்களில் துளிர்த்த செந்நிறக் கொழுந்து என்று ஒவ்வொரு படியையும் தனித்தனிப் படமாக எடுத்தார். விற்கத் தொடங்கியவை இவை. வாங்குகிறவர் யார் என்பதை நிறுவனங்கள் பெரும்பாலும் படம் எடுத்தவருக்குச் சொல்வதில்லை. ஆனால் கூகுள் லென்ஸில் தம் படங்களை அவ்வப்போது தேடிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு உண்டு. வேளாண் பாடக் குறிப்புகளிலும், தோட்டக்கலைக் கட்டுரைகளிலும், விவசாயக் கருவி விற்பவர்களின் பக்கங்களிலும் அவை கிடைத்தன. பாடம் எழுதுகிறவருக்கு ஒட்டுக்கட்டும் படம் இல்லாமல் பாடம் நிறைவடையாது; அந்தப் பாடம் அடுத்த ஆண்டும் யாராலோ எழுதப்படும். அருவிப் படத்துக்கும் ஒட்டுக்கட்டும் படத்துக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

இதன் பிறகு அவருடைய ஆண்டு அட்டவணை மாறியது. ஆடியில் நாற்றங்கால். மாங்காய் அறுவடைக் காலத்தில், கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிவரும் வண்டிகளும் எடைமேடையும். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம்பிரிப்பது. தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில், பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களில் ரோஜா கட்டுக் கட்டுவது. குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லுவது. மார்கழியில் கேழ்வரகு அறுவடை, களத்து வேலை, சாலையில் கதிரைப் பரப்பி வண்டிச் சக்கரங்களால் தாள் பிரிக்கும் வழக்கம். முகூர்த்தம் இல்லாத மாதங்களில்தான் வயலிலும் நாற்றங்காலிலும் வேலை மிகுந்திருக்கிறது என்பதை அவர் பின்னர்தான் கவனித்தார்.

கேழ்வரகுப் படங்கள் தனியாகக் குறிப்பிடத் தக்கவை. அவற்றை எடுத்து ஏற்றியபோது பெரிய வரவேற்பு இல்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கியது. உணவு, உடல்நலம், வேளாண்மை குறித்து எழுதிய எல்லோருக்கும் சிறுதானியப் படம் தேவைப்பட்டது. சமைத்த களியின் படம் ஏராளமாக இருந்தது. கதிர் அறுக்கும் படமும் களத்துப் படமும் குறைவாகவே இருந்தன. தேவை எழுந்த நாளில் ஓடிப்போய் எடுக்க முடியாத படத்தை முன்பே எடுத்து வைத்திருந்தவருக்கே அந்த விற்பனை போனது.

ஒப்புதல் என்னும் முதலீடு

வணிக உரிமத்தில் விற்க வேண்டுமானால், படத்தில் அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும் மாடல் ரிலீஸ் எனப்படும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து. தனியார் இடமோ கட்டடமோ அடையாளம் தெரியும்படி வந்தால் அதன் உரிமையாளரின் ஒப்புதலும் தேவைப்படும். இவை இல்லாத படம் செய்தி மற்றும் பாட நோக்கத்துக்கான எடிட்டோரியல் பிரிவில்தான் விற்கும். அங்கே வாங்குவோர் குறைவு. விளம்பரத்துக்குப் படம் தேடுகிறவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

புளி தட்டும் கொட்டகை ஒன்றில் படம் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஓடு நீக்கிய புளியைக் கல்லின்மேல் வைத்து, சிறிய இரும்புத் தடியால் ஒரு தட்டுத் தட்டி, கொட்டையை விரலால் நெம்பி, நாரை உருவி எறிந்துகொண்டிருந்தார்கள். விரல் நுனிகள் புளியேறிக் கறுத்திருந்தன. படம் எடுத்து முடித்துப் படிவத்தை நீட்டியபோது, அவர்களில் மூத்தவர், "இதுல கையெழுத்துப் போட்டா பேங்க்ல எதாச்சும் புடிச்சுக்குவாங்களா தம்பி?" என்று கேட்டார். "இல்லக்கா, உங்க படம் வெளிநாட்டுல, விளம்பரத்துல எல்லாம் வரலாம், அதுக்கு நீங்க சரின்னு சொல்ற காயிதம் இது. வேணாம்னா சொல்லுங்க, அழிச்சிடறேன்" என்றார் ஸ்டூடியோக்காரர். இருவர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் முகம் தெரிந்த படங்களை அங்கேயே, அவர்கள் பார்க்கும்படியே, கேமராவிலிருந்து அழித்தார். மற்றவர்களுக்கு அன்றைய கூலிக்கு ஈடான தொகையையும், பின்னர் சட்டம் போட்ட படம் ஒவ்வொன்றையும் கொடுத்தார்.

இந்த நடைமுறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போவது எளிது. அந்தப் படம் என்றைக்காவது மூட்டுவலித் தைல விளம்பரத்தில் வந்து, பேரன் போனில் பார்த்துவிட்டு வந்து கேட்கும்போது, அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் இருக்கும்? படத்தில் இருப்பவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதை அவர் பேசும் பேச்சிலேயே விளக்கிச் சொல்வது எடுப்பவரின் கடமை. வணிக நோக்கில் பார்த்தாலும் இதில் இழப்பு இல்லை. அதே கொட்டகைக்கு அடுத்த பருவத்தில் போனபோது அவர்களே கூப்பிட்டு உட்கார வைத்து, மழைக்காலத்தில் புளியை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்பதையும் காட்டினார்கள்.

ஒப்புதலோடு சேர்ந்தது சின்னங்களை நீக்கும் வேலை. தக்காளி மண்டியின் பெட்டிகளில் வியாபாரிகளின் பெயர் பெயின்ட்டில் எழுதியிருக்கும். பின்னால் நிற்கும் வண்டியில் எண்பலகையும் நிறுவனச் சின்னமும் இருக்கும். வணிகப் பிரிவில் இவை எதுவும் தெரியக் கூடாது. கணினியில் உட்கார்ந்து அழிப்பதைவிட, படம் எடுக்கும்போதே பெயர் இல்லாத பக்கத்தைத் திருப்பி வைப்பது பாதி வேலையைக் குறைக்கிறது.

தேடுபவர் கண்ணில் படுவது

ஷட்டர்ஸ்டாக்கில் ஒரு படத்துக்கு 50 குறிச்சொற்கள் வரை, அடோபி ஸ்டாக்கில் 49 வரை கொடுக்கலாம். அடோபியில் முதல் பத்துச் சொற்களுக்குத் தேடலில் கூடுதல் மதிப்பு உண்டு. பலர் 49 இடங்களையும் நிரப்பவேண்டும் என்பதற்காக இயற்கை, அழகு, பச்சை, இந்தியா என்று எழுதிக்கொண்டே போகிறார்கள். ஸ்டூடியோக்காரரும் நானும் பின்பற்றுவது வேறு வழி: படத்தில் நடக்கும் வேலை, அதற்குப் பயன்படும் கருவி, பயிர், அந்த வேலையின் எந்தப் படி, யாருக்கு இது தேவைப்படும் என்ற வரிசையில் முதல் பத்து. அதன்பின் இடம், பருவம், நிறம். படத்தில் இல்லாத எதையும் எழுதுவதில்லை, ஏனென்றால் தவறான சொல்லால் வந்து சேர்ந்தவர் வாங்காமல் போய்விடுவார். தொழில்நுட்பத் தரம் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மெகாபிக்சலுக்குக் குறையாமலும், குவியம் சரியாகவும், புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் இல்லாமலும் இருந்தால் போதும். கல்யாணம் எடுக்கிறவரிடம் உள்ள கருவிகளே தாராளம்.

பணம் வரும் வழி

அடோபி ஸ்டாக் ஒளிப்படத்துக்கு 33 விழுக்காடும் வீடியோவுக்கு 35 விழுக்காடும் பங்கு தருகிறது. சந்தாதாரர் ஒருவர் பதிவிறக்கும்போது குறைந்தது 33 சென்ட் கிடைக்கும். பணத்தை எடுக்கக் குறைந்தபட்ச இருப்பு 25 டாலர். எல்லாமே 33 சென்ட் பதிவிறக்கங்களாக இருந்தால் அந்த இருப்பை எட்ட 76 பதிவிறக்கங்கள் வேண்டும். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூனுக்கு முன்பு புதியவருக்குக்கூடச் சந்தாப் பதிவிறக்கம் ஒன்றுக்கு 25 சென்ட் கிடைத்துக்கொண்டிருந்தது. அதன்பின், ஓராண்டில் 100 பதிவிறக்கம் வரை 15 விழுக்காடு என்று தொடங்கி, 25,000-ஐத் தாண்டினால் 40 விழுக்காடு என்று உயரும் படிநிலை வந்தது. குறைந்தபட்சம் 10 சென்ட் என்றானது. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லோரும் மீண்டும் அடிப்படியிலிருந்து தொடங்க வேண்டும். 10 சென்ட் கணக்கில் 25 டாலர் சேர 250 பதிவிறக்கங்கள் தேவை. நெடுங்கால வருமானம் என்று எண்ணி வந்த ஒருவருக்கு, முந்தைய ஆண்டுகளின் உழைப்பு விகிதத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாதது நியாயமற்றது என்பதே என் கருத்து. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கக் கூடாது என்ற முடிவுக்கு அவர் வந்தது இதன் பிறகுதான்.

வரி விஷயம் சிறியது, ஆனால் பலரும் கோட்டைவிடுவது. அமெரிக்க நிறுவனங்கள் கேட்கும் டபிள்யூ-8பென் என்னும் வரிப் படிவத்தை பான் எண்ணோடு நிரப்பிக் கொடுத்தால், இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி, அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கான பங்கில் 30 விழுக்காட்டுக்குப் பதில் 15 விழுக்காடு மட்டுமே பிடிக்கப்படும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் முடிவோடு படிவம் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். அங்கே பிடித்த வரியை இங்கே வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ள வழி உண்டு. அதற்கு ஆடிட்டரிடம் பதிவிறக்கக் கணக்கை மாதவாரியாகக் கொடுப்பது அவசியம்.

இன்றைய நிலை

அவருடைய தொகுப்பில் பெரும்பாலான படங்கள் ஒருமுறைகூட விற்கவில்லை. விற்பனையின் பெரும்பங்கு சில தொகுப்புகளிலிருந்தே வருகிறது: ஒட்டுக்கட்டுதல், கேழ்வரகு, தக்காளித் தரம்பிரிப்பு, பட்டுக்கூடு. மாதா மாதம் சமமாகவும் வருவதில்லை. ஒரு மாதம் வற்றிக் கிடக்கும், வேறொரு மாதம் பெருகும். ஆண்டுக் கணக்கில் பார்க்கும்போதுதான் அது வருமானமாகத் தெரிகிறது. கடை வாடகையையும் கருவிப் பராமரிப்பையும் ஏறக்குறைய அது சுமக்கிறது. குடும்பத்தைச் சுமப்பது இன்னும் கல்யாண வேலைதான். இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் அவரிடம் வந்து கேட்கிறார்கள்.

2022 டிசம்பரில் அடோபி ஸ்டாக், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களை அனுமதித்தபோது, அவருக்குக் கலக்கம் ஏற்பட்டது உண்மை. அதன் விளைவு அவருடைய கணக்கில் இரண்டு விதமாகத் தெரிகிறது. வெள்ளைப் பின்னணியில் மாம்பழம், மண்சட்டியில் புளி போன்ற பொதுவான படங்களின் விற்பனை தெளிவாகக் குறைந்துவிட்டது; அவற்றை இனி எடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். வேலையின் படிநிலைகளைக் காட்டும் படங்கள் பெரிதாக அசையவில்லை. கணினி உருவாக்கும் ஒட்டுக்கட்டும் படத்தில் நாடா எங்கோ சுற்றியிருக்கிறது, கத்தி தவறான இடத்தில் இறங்குகிறது. பாடம் எழுதுகிறவர் அதைப் பயன்படுத்த முடியாது. இந்த நிலை இப்படியே நீடிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அதனால்தான் அவர் இப்போது அதே வேலைகளைச் சிறு வீடியோக்களாகவும் எடுக்கிறார். எண்ணிக்கையில் குறைவாக விற்றாலும் பதிவிறக்கம் ஒன்றுக்கான தொகை கூடுதல். 2025 ஜனவரியில் மற்றொரு ஸ்டாக் நிறுவனமான கெட்டி இமேஜஸும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக அறிவித்ததையும் அவர் கவனித்துவருகிறார், விகிதம் மீண்டும் மாறக்கூடும் என்பதால்.

அண்மையில் அவர் செய்து முடித்த வேலை ஒன்று இந்த ஆய்வுக்கு நேரடியாகத் தொடர்புடையது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இந்தியாவில் ஒளிப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. அதற்கு முன்பு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் மட்டும் இருந்தது. ஆகவே இந்தப் படங்கள் அவருடைய பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும் சொத்து. ஒப்புதல் படிவங்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து, எந்தப் படிவம் எந்தப் படத்துக்கு உரியது என்று எண்ணிட்டு, மூலக் கோப்புகளோடு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றைத் தருமபுரியில் தங்கை வீட்டில் கொடுத்திருக்கிறார். நிறுவனக் கணக்குகளின் விவரம், வரிப் படிவம் காலாவதியாகும் ஆண்டு, பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, மனைவிக்கும் கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் உட்கார வைத்து விளக்கியும் விட்டார். வரும் ஆடியில் சந்தூர் நாற்றங்காலுக்கு மகளும் கூடப் போகிறாள். வீடியோ எடுக்கும் பொறுப்பு அவளுடையது.